மாற்றியவர் திரும்பி வரும் வழி

யூனிக்ஸ் வகைக் கணினி ஒன்று எழ மறுக்கும்போது பெரும்பாலும் அதன் உறுப்பு எதுவும் கெட்டிருக்காது. வட்டு சுழலும், நினைவகம் நன்றாக இருக்கும், மின்சாரமும் வரும். யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு அமைப்புக் கோப்பு ஒன்றில் ஒரு வரியைத் திருத்தியிருப்பார். அந்த வரியைப் படிக்கும் இடம் வந்ததும் கணினி நின்றுவிடும். திருத்திய நேரமும் கோளாறு வெளிப்படும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான் இதில் பெரிய சிக்கல். சர்வர்கள் மாதக்கணக்கில் அணைக்கப்படாமல் ஓடுபவை. தையில் திருத்திய வரி ஐப்பசியில்தான் சோதனைக்கு வரும். அதற்குள் திருத்தியவர் மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது எதைத் தொட்டோம் என்பதையே மறந்திருப்பார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், டெல்டாவிலும் அதை அடுத்த மாவட்டங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அப்படிப்பட்ட இருட்டுக்குப் பிறகு மின்சாரம் திரும்பும் நாளில்தான் ஓர் அலுவலகக் கணினிக்கு உண்மையான தேர்வு. பல மாதங்களில் பலர் செய்த மாற்றங்கள் அத்தனையையும் அது ஒரே மூச்சில் படித்தாக வேண்டும்.

இந்த நிலையிலிருந்து கணினியை எழுப்புவதை ஒரு கைத்திறனாகவே நாம் பார்க்கிறோம். தெரிந்தவர் வந்து உட்கார்ந்து, நாலு கட்டளை தட்டி, சரிசெய்துவிட்டுப் போகிறார் என்று. யூனிக்ஸின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் அந்தத் திறமை கடைசிப் படிதான் என்பது தெரிகிறது. மீட்பு சாத்தியமா இல்லையா என்பது மாற்றம் செய்வதற்கு முன்பே, பெரும்பாலும் அமைப்பைக் கட்டியவர்களாலேயே, தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. மாற்றம் எதைத் தொடுகிறதோ அதற்கு வெளியே ஒரு வழியை விட்டுவைத்திருந்தால் மீட்கலாம். அந்த வழியும் மாற்றத்துக்குள்ளேயே அடங்கிவிட்டால் எவ்வளவு தெரிந்தவர் வந்தாலும் கையைப் பிசைய வேண்டியதுதான். இது கணினிக்கு மட்டும் உரிய உண்மையும் இல்லை. காவிரி டெல்டாவின் தலைப்பு வேலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நடந்தவை இதே உண்மையைக் கருங்கல்லிலும் மணலிலும் காட்டுகின்றன.

முதலில் கணினி. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் முர்ரே ஹில் என்ற ஊரிலுள்ள பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியோடு வந்தது. அந்த முதல் கையேட்டிலேயே கணினியை எழுப்பும் முறை தனியாக எழுதப்பட்டிருந்தது. பிடிபி-11 கணினியின் முகப்புப் பலகையில் வரிசையாக விசைகள் இருக்கும். ஆரம்பகாலப் பதிப்புகளில் அவற்றை எண்ம முறையில் 173030 என்ற எண்ணுக்கு வைத்துவிட்டு எழுப்பினால், முதலில் ஓடும் ‘இனிட்’ என்ற நிரல் வழக்கமான வேலைகள் எதையும் தொடங்காமல், கன்சோல் தட்டச்சுப் பொறியில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஒரே ஒரு ஷெல்லை மட்டும் திறந்து கொடுக்கும். பயனர் பட்டியலைப் படிக்காது, மற்ற முனையங்களைத் திறக்காது. கெட்டுப்போயிருக்கக்கூடிய கோப்புகள் எவையோ அவற்றைத் தொடாமலேயே உள்ளே நுழைய ஒரு வழி. அந்த வழியைத் திறக்கும் சாவி கோப்பில் இல்லை, முகப்புப் பலகையின் இரும்பில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தக் கோப்பை எப்படிக் கெடுத்தாலும் அந்த விசைகள் கெடாது.

1979-இல் வந்த ஏழாம் பதிப்பு இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. கணினி எழுந்ததும் முதலில் ஒற்றைப் பயனர் நிலைக்கே வரும். பொறுப்பாளர் தனியாக உட்கார்ந்து கோப்பு முறைமையைச் சோதிப்பார், தேதியைச் சரிசெய்வார், எல்லாம் திருப்தியானால் கண்ட்ரோல்-டி என்று அழுத்துவார். அதற்குப் பிறகுதான் தொடக்க வேலைகள் அடங்கிய ‘ஆர்சி’ கோப்பு ஓடி, எல்லோருக்கும் கதவு திறக்கும். அதாவது ஒவ்வொரு தொடக்கமும் ஒரு மீட்பாகவே நடந்தது. மீட்பு என்பது விபத்துக் காலத்துக்கு என்று ஒதுக்கிவைத்த, யாரும் பழகாத சடங்காக இல்லாமல், அன்றாடம் கடந்துபோகும் வாசற்படியாக இருந்தது. பிற்காலத்தில் நாம் இழந்தவற்றுள் முக்கியமானது இந்தப் பழக்கம்தான் என்று கருதுகிறேன். சர்வர்கள் தாமாகவே எழுந்து தாமாகவே எல்லோருக்கும் திறக்கத் தொடங்கியது பெரிய வசதி. அந்த வசதியால், ஒற்றைப் பயனர் நிலையை ஒருமுறைகூடப் பார்த்திராத நிர்வாகிகளின் தலைமுறையும் உருவானது.

அந்த வாசற்படியில் நிற்பவருக்குக் கையில் என்ன கருவி இருந்தது என்பதும் முக்கியம். ஆரம்ப காலத்து வட்டுகள் மிகச் சிறியவை. மூல வட்டு நிரம்பியபோது, பயனர்களின் கோப்புகளுக்கென வைத்திருந்த ‘யூஎஸ்ஆர்’ என்ற இரண்டாம் வட்டுக்கு நிரல்கள் வழிந்தன. ஆனால் இரண்டாம் வட்டை இணைக்கும் கட்டளையை இரண்டாம் வட்டிலேயே வைக்க முடியாதல்லவா? அதனால் கணினியை எழுப்பவும் சீர்செய்யவும் வேண்டிய கட்டளைகள் மூல வட்டிலேயே தங்கின. இடநெருக்கடியால் வந்த பிரிவு, மீட்புக்கு வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்துவைக்கும் ஒழுங்காக மாறியது. அந்தச் சிறு தொகுப்பில் தாம்சன் எழுதிய ‘எட்’ என்ற வரித் திருத்தியும் ஒன்று. முழுத்திரையில் திருத்தும் ‘விஐ’ 1976 வாக்கில் பில் ஜாய் எழுதியது. அது பிந்தியது, வசதியானது, ஆனால் அது இரண்டாம் வட்டில் இருந்தது. தான் எந்த வகைத் திரையில் ஓடுகிறோம் என்பதும் அதற்குத் தெரிந்தாக வேண்டும். எழாத கணினியில் அந்த இரண்டுமே கிடைக்காமல் போகலாம். எட் எதையும் கேட்காது. ஒரு வரியைக் காட்டு, இந்தச் சொல்லை அந்தச் சொல்லாக மாற்று, எழுது, வெளியேறு என்று வேலையை முடித்துக் கொடுக்கும். அமைப்புக் கோப்புகள் எல்லாம் மனிதர் படிக்கும் வெற்று எழுத்துகளாகவே இருந்ததால் அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. இருமக் குறியீட்டில் பூட்டிவைத்திருந்தால், அதைத் திறக்கும் நிரலும் ஓடினால்தான் மீட்பு என்றாகியிருக்கும்.

கட்டியவர்கள் விட்டுவைத்த வழி ஒருபுறம். நிர்வாகிகள் தாமாக வளர்த்த வழக்கம் மறுபுறம். எந்தக் கோப்பைத் திருத்தும் முன்பும் அதற்கு ஒரு நகல் எடுத்து, பெயரின் வாலில் ‘பழையது’ என்றோ தேதியையோ ஒட்டிவைப்பது உலகம் முழுவதும் பரவிய பழக்கம். 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட், கோப்பின் ஒவ்வொரு பதிப்பையும் வரிசையாகச் சேமிக்கும் எஸ்சிசிஎஸ் என்ற நிரலை எழுதினார். 1980-களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிச்சி எழுதிய ஆர்சிஎஸ் அதை எளிமையாக்கியது. இவை நிரலாளர்களுக்காகப் பிறந்தவை. என்றாலும் அமைப்புக் கோப்புகளைக் காக்கவும் நிர்வாகிகள் அவற்றைக் கையிலெடுத்தார்கள். இவற்றோடு, கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்: எந்தத் தேதியில், யார், எதை, ஏன் மாற்றினார் என்று கையால் எழுதியது. மூன்றிலும் அந்த நோட்டுத்தான் உறுதியானது. கணினி எழாதபோதும் அதைப் படிக்கலாம்.

இனி காவிரி. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றிக்கொண்டு வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. தீவின் கீழ்முனையில் இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. அங்கே கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, காவிரியின் படுகை உயர்ந்தது. விட்டால் காவிரித் தண்ணீர் முழுவதும் கொள்ளிடத்துக்குள் சரிந்து கடலுக்குப் போய்விடும். தஞ்சாவூர்ச் சீமைக்கு நெல் இல்லை. கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை இந்தச் சரிவைத்தான் தடுக்கிறது. ஆற்றை மறித்துத் தேக்குவதற்காகக் கட்டியதல்ல அது. அதற்குக் கீழே வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கிளை பிரிந்து, வாய்க்கால்களாகி, கடைமடை வரை போகும் வலைப்பின்னல் முழுவதும் தலைப்பில் உள்ள ஒன்றிரண்டு மட்டங்களை நம்பியே நிற்கிறது. அந்த மட்டத்தில் இரண்டடி மாறினால் நூறு மைல் தள்ளி இருக்கும் வயலில் தெரியும், அதுவும் உடனே தெரியாமல் சில பருவங்கள் கழித்துத் தெரியும். கணினியின் தொடக்கக் கோப்புக்கும் இந்தத் தலைப்புக்கும் உள்ள உறவு இதுதான்.

1799-இல் இரண்டாம் சரபோஜியோடு செய்த உடன்படிக்கையால் தஞ்சாவூரின் ஆட்சி கம்பெனியின் கைக்கு வந்தது. 1804-இல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் (மொழியறிஞர் கால்டுவெல் அல்ல, அவருக்கு முந்தியவர்) காவிரியை ஆராய்ந்து, ஏராளமான தண்ணீர் கொள்ளிடத்துக்குப் போகிறது என்று கண்டு, கல்லணையின் உச்சியைக் கல் வைத்து 27 அங்குலம் உயர்த்தினார். நோக்கம் சரியானது. ஆனால் உயர்ந்த உச்சி தண்ணீரோடு மணலையும் பிடித்துவைத்தது. காவிரியின் படுகை மேலேறிக்கொண்டே வந்தது. முக்கொம்பில் ஆறு தாழ்ந்த கொள்ளிடத்தையே மேலும் மேலும் நாடியது. பிறகு கல்லணையில் மணல்போக்கி மதகுகள் வைத்தார்கள். அது மட்டும் போதவில்லை. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். மேலணை நினைத்ததற்கும் அதிகமாகவே வேலை செய்தது. இப்போது காவிரிக்குள் பாய்ந்த வேகமான வெள்ளம் அதன் படுகையை அரித்து ஆழமாக்கியது, கொள்ளிடத்தின் தலைப்பு மேடிட்டது. முன்பு காவிரி வறண்டுவிடுமோ என்ற பயம். சில ஆண்டுகளிலேயே மொத்த ஆறும் காவிரிக்குள் புகுந்து கரைகளை உடைத்துவிடுமோ என்ற பயம். 1843-இல் மேலணையின் நடுப்பகுதியை வெட்டி இரண்டடி தாழ்த்தினார்கள். 1845-இல் காவிரியின் தலைப்பில் படுகையின் குறுக்கே ஒரு தளச்சுவர் கட்டி, அதற்குக் கீழே படுகை அரிக்கப்படாமல் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் நாற்பதாண்டு கழித்து, 1880-களில் கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கதவுகள் வைத்த நீரொழுங்கிகள் கட்டிய பிறகுதான், எந்த ஆற்றுக்கு எவ்வளவு என்பதை நாள்தோறும் கூட்டிக் குறைக்கும் நிலை வந்தது.

இந்த எண்பது ஆண்டு வரலாற்றைத் திறமை குறைந்தவர்களின் தவறு என்று சொல்வது நியாயமல்ல. காட்டன் போன்ற நீர்ப்பொறியாளர்கள் அந்நாளில் உலகிலேயே சிலர்தான். தளர்ந்த மணலில் அடித்தளம் போடும் முறையைக் கல்லணையிலிருந்தே கற்றோம் என்று வெளிப்படையாக எழுதியவர் அவர். குறை அவருடைய கணக்கில் இல்லை, மாற்றத்தின் வடிவத்தில் இருந்தது. மேலணை பெரும்பகுதி அசையாத கட்டுமானமாக இருந்தது. அதன் மட்டம் தவறென்று தெரிந்தால் உடைத்துத்தான் திருத்த முடியும். அதற்கு மாறாக, டெல்டாவின் குடியானவர்கள் வாய்க்கால் தலைப்பில் போட்டுவந்த கொரம்பை நினைத்துப் பார்க்கலாம். முளைக்கம்பு, தழை, வைக்கோல், மணல் கொண்டு தண்ணீரைத் திருப்பப் போடும் தற்காலிகத் தடுப்பு அது. ஆண்டுதோறும் வெள்ளத்தில் போய்விடும். ஆண்டுதோறும் ஊரே கூடிப் போட வேண்டும். பொறியாளர்களின் கண்ணுக்கு அது வீணான உழைப்பாகத் தெரிந்தது, உழைப்பு மிகுந்ததுதான். ஆனால் தண்ணீர் அதிகமாக வந்தால் அன்று மாலையே அதைப் பிரித்துவிடலாம். மட்டம் தவறினால் மறுநாள் ஒரு முழம் தள்ளிப் போடலாம். மாற்றுவதற்கும் மாற்றியதை எடுப்பதற்கும் ஒரே கைகள் போதும். 1880-களின் கதவுகள் செய்ததும் இதையேதான், இரும்பில், பெரிய அளவில். கொரம்பிலிருந்து கதவுக்கு வரும் வழியில் அசையாத சுவர்களின் காலம் ஒன்று குறுக்கே வந்தது; செலவும் பயமும் அந்தக் காலத்துக்கே உரியவை.

ஆற்றையும் கணினியையும் இப்படிச் சேர்த்துப் பேசலாமா என்ற கேள்வி எழும். ஆறு நிற்காது, கணினியை நிறுத்தலாம், மறுபடி தொடங்கலாம், பழைய கோப்பை வைத்தால் அணுவும் பிசகாமல் பழைய நிலைக்கு வரும். 1843-இல் மேலணையை இரண்டடி தாழ்த்தியதால் 1835-இன் காவிரி திரும்பி வரவில்லை. நடுவில் அரித்துப்போன மணல் போனது போனதுதான். இந்த வேறுபாடு உண்மை, இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது கணினிக்குச் சாதகமாகத் தோன்றும் அளவுக்கு உண்மையில் சாதகமாக இல்லை. கோப்பு முறைமை தவறாக இணைக்கப்பட்டு ஒரு நாள் முழுவதும் எழுதப்பட்டுவிட்டால், பழைய அமைப்புக் கோப்பை வைப்பதால் மட்டும் தரவு திரும்பிவிடாது. அங்கேயும் மணல் நகர்ந்திருக்கும். மேலும், டெல்டாவின் பாசனத்தையும் நிறுத்திச் சீர்செய்யும் வழக்கம் நெடுநாளாகவே உண்டு. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஜூன் 12-இல் திறப்பு, ஜனவரி 28-இல் அடைப்பு என்று ஓர் ஒழுங்கு நிலைத்தது. தண்ணீர் போதாத ஆண்டுகளில் தேதி தள்ளிப்போகும், ஒழுங்கு மாறாது. அடைப்புக்கும் திறப்புக்கும் இடையிலுள்ள மாதங்களில்தான் தூர் வாருவதும் மதகு பழுதுபார்ப்பதும் கரை உயர்த்துவதும் நடக்கும். ஏழாம் பதிப்பின் ஒற்றைப் பயனர் நிலை கேட்டதும் இதைத்தான்: எல்லோருக்கும் திறப்பதற்கு முன், யாருக்கும் திறக்காத ஒரு நேரம்.

அந்த இடைவேளை வேலைக்கு ஊரார் கூடுவதே குடிமராமத்து. அது தளர்ந்தபோது, வேலைக்கு வராதவர்களைக் கட்டாயப்படுத்த சென்னை மாகாணத்துக்கென 1858-இன் முதலாவது சட்டத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டத்தால் ஆட்களைக் கூட்டலாம். எந்த மதகை எந்த அளவுக்குத் திறந்தால் எந்த ஊருக்குத் தண்ணீர் ஏறும் என்ற, ஊருக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டியின் அறிவைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. வழி விட்டுவைத்திருந்தால் மட்டும் போதாது, அந்த வழியில் நடந்து பழகியவர் ஊரில் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. யூனிக்ஸிலும் இதே சரிவு நடந்தது. எட் இன்னும் கிடைக்கிறது. அதில் மூன்று கட்டளை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

1983-இல் வந்த சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ், தொடக்க நிலைகளுக்கு எண் கொடுத்து ‘இனிட்டேப்’ என்ற கோப்பில் எழுதிவைத்தது. எந்த நிலைக்கு எழ வேண்டும் என்பதும் அந்தக் கோப்பில் ஒரு வரிதான். அந்த வரியில் 6 என்று போட்டுவிட்டால், எழுந்ததும் அணைந்து மறுபடி எழுவதே கணினியின் வேலையாகிவிடும். முகப்புப் பலகை விசைகள் மறைந்துபோன காலம் அது. இரும்பில் இருந்த சாவி, கணினியை எழுப்பும் பூட் நிரலுக்குக் கொடுக்கும் கட்டளையாக மாறியிருந்தது. 1991-இல் தொடங்கிய லினக்ஸிலும் இந்த மாற்றத்தின் நன்மை தீமை இரண்டையும் பார்க்கலாம். முதலில் பரவலாக இருந்த ‘லைலோ’ என்ற பூட் நிரல், இயங்குதளத்தின் மையமான கெர்னல் வட்டில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளும். கெர்னலை மாற்றிவிட்டு லைலோவை மறுபடி ஓட்ட மறந்தால், குறிப்பு ஓரிடத்தையும் கெர்னல் வேறிடத்தையும் காட்டும், கணினி எழாது. பின்னால் வந்த ‘க்ரப்’ எழும் நேரத்திலேயே கோப்பு முறைமையைப் படிக்கும். அதன் பட்டியலில் நின்று ‘இ’ விசையை அழுத்தினால், வட்டில் எதையும் மாற்றாமல் இந்த ஒரு தடவைக்கு மட்டும் வரியைத் திருத்தி எழுப்பலாம். இனிட்டுக்குப் பதிலாக நேரே ஷெல்லைத் தொடங்கச் சொல்லலாம். மூல வட்டு படிக்க மட்டும் என்று இணைந்திருக்கும். அதை எழுதும் நிலைக்கு மாற்றிவிட்டு, தவறான வரியைத் திருத்தலாம். முகப்புப் பலகையின் விசைகள் செய்ததை இது மென்பொருளில் செய்கிறது. லைலோவுக்கும் க்ரப்புக்கும் உள்ள வேறுபாடு, எனக்குத் தெரிந்து, மேலணையின் சுவருக்கும் கல்லணையின் கதவுக்கும் உள்ள வேறுபாடேதான்.

பூட் நிரலே கெட்டால்? அப்போது வழியைக் கணினிக்கு வெளியே வைக்க வேண்டியிருந்தது. 1990-களில் அது ஃப்ளாப்பி. டாம் ஓசர் உருவாக்கிய ஒரு மீட்பு லினக்ஸ், ஒரே ஃப்ளாப்பியை வழக்கமான அளவுக்கு மேல் வடிவமைத்து, அதில் ஷெல், வட்டுக் கருவிகள், திருத்தி என்று எல்லாவற்றையும் அடைத்தது. 2000-இல் கிளாஸ் நாப்பரின் நாப்பிக்ஸ் ஒரு முழு லினக்ஸையே சிடியிலிருந்து ஓடவைத்தது. அப்படி வெளியிலிருந்து எழுப்பியபின், பழைய வட்டை இணைத்து, ஏழாம் பதிப்பிலேயே பிறந்த ‘சிஎச்ரூட்’ வசதியால் அதற்குள் இறங்கி, பூட் நிரலை மறுபடி நிறுவிவிட்டு வெளியே வரலாம். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு இந்தத் தேவை வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1984-இல் ரங்கராஜன் குழு வங்கிகளின் கணினிமயத்துக்கு வழி வகுத்த பிறகு, கிளைகளுக்குள் வந்த இயந்திரங்களில் யூனிக்ஸும் வந்தது. 1999 வாக்கில் சி. உமாசங்கர் ஆட்சியராக இருந்தபோது, பிறந்து சில ஆண்டுகளே ஆன திருவாரூர் மாவட்டம் அரசு அலுவலகங்களைக் கணினிமயமாக்குவதில் முன்னோடியானது. அவரே பின்னர் மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பிலிருந்தபோது அரசுக் கணினிகளை லினக்ஸுக்குத் திருப்பினார். சென்னையிலுள்ள சி-டாக் ஆய்வு மையம் 2007-இல் பாஸ் என்ற லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு விண்டோஸோடு பாஸும் சேர்ந்து கிடைத்தது. இரண்டு இயங்குதளங்கள் ஒரே வட்டில் இருக்கும்போது பழக்கமான கோளாறு ஒன்று: விண்டோஸை மறுபடி நிறுவினால் அது வட்டின் தலைப்பில் தன் பூட் நிரலை எழுதிவிடும். லினக்ஸும் கோப்புகளும் அப்படியே உள்ளே இருக்கும். க்ரப் இல்லாததால் அங்கே போகும் வழி மட்டும் இருக்காது. எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்து வட்டை முழுவதும் துடைத்துவிடுவது இந்த இடத்தில் நடக்கக்கூடிய பெரிய இழப்பு. ஒரு லைவ் சிடியும் அரை மணி நேரமும் இருந்தால் தவிர்க்கக்கூடிய இழப்பு அது.

இங்கே இன்னொரு மறுப்பு வரும், இது வலுவானது. இன்றைய பெரிய நிறுவனங்களில் எழாத சர்வரை யாரும் மீட்பதில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தயாராக இருக்கும் பிம்பத்திலிருந்து புதிய ஒன்றைச் சில நிமிடங்களில் எழுப்புகிறார்கள். அப்படியானால் ஒற்றைப் பயனர் நிலையும் எட்டும் பழங்கதை ஆகிவிட்டன அல்லவா? ஆயிரம் சர்வர்கள் இருக்கும் இடத்தில் இது சரியான வழிதான். ஆனால் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு கூட்டுறவுச் சங்கத்தில், ஒரு பள்ளியில் இருக்கும் ஒற்றைக் கணினிக்கு மாற்று எங்கும் தயாராக இல்லை. அதன் அமைப்பும் தரவும் வரலாறும் அந்த ஒரே வட்டில்தான். பெரிய இடங்களிலும்கூட, மாற்றும் வழியே எழும் நிலையை நம்பியிருந்தால் என்னாகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஓர் அமைப்புக் கோப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. தவறைக் கண்டு 78 நிமிடங்களில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் விழுந்த கணினிகளால் எழுந்து நின்று சரியான கோப்பை வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொன்றாக ஆள் போய், பாதுகாப்பு நிலையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. அது யூனிக்ஸ் அல்ல. ஆனால் அன்று உலகம் முழுவதும் செய்தது யூனிக்ஸின் ஆரம்பகாலக் கையேடு சொன்ன வேலையைத்தான். கடைசியில் அந்த நிறுவனங்களைக் காப்பாற்றியது, இயங்குதளத்தைக் கட்டியவர்கள் விட்டுவைத்திருந்த பழைய பக்கவாசல்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது, மீட்பை மாற்றத்துக்குள்ளேயே சேர்த்துவைக்கும் முயற்சிகள். 2005-இல் சன் நிறுவனம் வெளியிட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில், மாற்றுவதற்கு முன் முழு அமைப்புக்கும் ஒரு நொடியில் நிழற்படி எடுக்கலாம். சோலாரிஸிலும் பின்னர் ஃப்ரீபிஎஸ்டியிலும் எழும்போதே எந்த நாளின் நிலையில் எழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி அதன் மேல் கட்டப்பட்டது. ஃப்ரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்ட ஜூனிபர் நிறுவனத்தின் ரூட்டர்களில் இதைவிட அழகான ஓர் ஏற்பாடு உண்டு. தொலைவிலிருந்து அமைப்பை மாற்றுகிறவர், உறுதி கேட்கும்படி மாற்றத்தைச் செயல்படுத்தலாம். பத்து நிமிடத்துக்குள் அவர் மறுபடி வந்து ‘சரி’ என்று உறுதி சொல்லாவிட்டால், ரூட்டர் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். மாற்றத்தால் இணைப்பே அறுந்து, மாற்றியவரால் உள்ளே வர முடியாமல் போனால், அவருடைய மௌனமே திரும்பச் சொல்லும் கட்டளை ஆகிறது. கட்டியவர்கள், தம்மை நம்பாமல் தம் மறதியையும் தவறையும் கணக்கில் எடுத்து வேலை செய்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகப் பாதுகாப்பைப் பற்றிய மறுப்பு. மீட்பவர் நுழையும் வாசலில் திருடனும் நுழையலாம். கடவுச்சொல் கேட்காமல் முழு அதிகாரமுள்ள ரூட் ஷெல்லைக் கொடுக்கும் கணினி, மேசை அருகே வந்து நிற்கும் எவருக்கும் அதைக் கொடுக்கும். முர்ரே ஹில்லில் அறைக்கதவின் பூட்டே காவலாக இருந்தது. வாடிக்கையாளர்கள் வந்துபோகும் கிளை அலுவலகத்தில் அது போதாது. இதில் மறுப்பவர்கள் பக்கம் நியாயம் உண்டு, அதனால்தான் பூட்டுகள் வந்தன. ஆனால் பூட்டியவர்கள் சாவியை எங்கே வைத்தார்கள் என்று கேட்க வேண்டும். சில லினக்ஸ் வழங்கல்களில் ரூட் கணக்கு பூட்டியபடியே வருகிறது. வட்டு இணைப்புக் கோப்பில் ஒரு வரி தவறி அவசர நிலைக்குள் விழுந்தால், ரூட் பூட்டியிருப்பதால் கன்சோலைத் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் கணினி நின்றுவிடும். 2024 ஜூலையில் வட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்ட கணினிகளுக்கு நீண்ட மீட்புச் சாவி தேவைப்பட்டது. அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வர்களும் விழுந்திருந்த இடங்களில் வேலை நாள்கணக்கில் இழுத்தது. பிஎஸ்டி மரபு இதற்கு ஒரு நிதானமான தீர்வை வைத்திருக்கிறது. முனையங்களைப் பட்டியலிடும் ‘டிடிஒய்எஸ்’ கோப்பில் கன்சோலுக்கு எதிரே இருக்கும் ஒரே ஒரு சொல், ஒற்றைப் பயனர் நிலையில் கடவுச்சொல் கேட்க வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. அறை பூட்டியிருக்கும் இடத்தில் கேட்க வேண்டாம். ஆள் நடமாடும் இடத்தில் கேட்கட்டும், கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி உறையிலிட்டு அலுவலகத்தின் இரும்புப் பெட்டியில் வைக்கட்டும். கணினி எங்கே இருக்கிறது, அங்கே யார் வந்துபோகிறார்கள், மின்சாரம் திரும்பும் நேரத்தில் பொறுப்பில் யார் இருப்பார் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அதனால் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அவர்களிடமே விடப்பட்டிருக்கிறது.